தூக்கினால் முனகும் டிரைவ் ஷாஃப்ட்: யூ.டி.வி.யின் முன்னால் பூட்டும் ஸ்னோ புளோவர் பற்றிய மதிப்புரை

யூ.டி.வி. எனப்படும் சிறு பயன்பாட்டு வண்டியின் முன்னால் பூட்டி, அந்த வண்டியின் எஞ்சினிலிருந்தே பி.டி.ஓ. (எஞ்சினின் சுழற்சியை வெளிக்கருவிக்குத் தரும் அச்சு) வழியாகச் சுழற்சியைப் பெறும் ஸ்னோ புளோவர் வகையைப் பற்றியது இந்த மதிப்புரை. இதைப் பல பனிக்காலங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். பனியை அள்ளி வீசும் வேலையில் இதன் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் புளோவரைத் தரையிலிருந்து தூக்கும் அந்தச் சில நொடிகளில், பி.டி.ஓ.விலிருந்து புளோவருக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்லும் தண்டான டிரைவ் ஷாஃப்டிலிருந்து எழும் சத்தம், இதை வாங்கிய பெரும்பாலோரைக் கலங்க வைக்கிறது. வாங்க நினைப்பவர்களையும் தயங்க வைக்கிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் உடைந்த பாகத்தின் சத்தம் அல்ல, தூக்கும் கைகளும் ஷாஃப்டும் சேரும் கோணத்தின் சத்தம் என்பதே என் முடிவு. எனவே இந்தக் கருவியை அதன் அகலத்தையும் குதிரைத்திறனையும் வைத்து மட்டும் மதிப்பிடாமல், முழு உயரத்துக்குத் தூக்கியபின் ஷாஃப்ட் எப்படி நிற்கிறது என்பதை வைத்தும் மதிப்பிட வேண்டும் என்று உறுதியாகக் கருதுகிறேன்.

முதலில் வேலைத்திறனைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது இரண்டு கட்டக் கருவி. முன்னால் மெதுவாகச் சுழலும் திருகு பனியை இரு பக்கங்களிலிருந்தும் நடுவுக்குக் கொண்டு வர, பின்னால் வேகமாகச் சுழலும் விசிறி அதை வாங்கி மேலே உள்ள குழாய் வழியாக வீசுகிறது. உலர்ந்த பனியாக இருந்தாலும் இறுகிய பனியாக இருந்தாலும் வண்டியின் வேகத்தைச் சரியாக வைத்துக்கொண்டால் அடைத்துக்கொள்வதில்லை. பாதி உருகிய ஈரப்பனியில் மட்டும் குழாய் அடைபடும். அது இந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. உறைந்த கட்டியோ கல்லோ சிக்கினால், அறுந்துபோவதற்கென்றே வைத்த ஷியர் போல்ட் அறுந்து கியர் பாக்ஸைக் காப்பாற்றுகிறது. இவையெல்லாம் எதிர்பார்த்தபடியே இருப்பதால் இதற்கு மேல் விரிக்க வேண்டியதில்லை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். புளோவர் தரையில் கிடக்கும்போது ஷாஃப்ட் அமைதியாகச் சுழல்கிறது. சுழற்சியை நிறுத்தாமல் தூக்கினால் முதலில் மெல்லிய அதிர்வு கால் வைக்கும் தளத்தில் தெரிகிறது. பாதி உயரத்தைத் தாண்டியதும் அது தடதடப்பாகிறது. முழு உயரத்தில் கியர் பாக்ஸிலிருந்து கடகடவென்ற ஓசை எழுகிறது. கீழே இறக்கினால் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைக் கேட்டவுடன், ஷாஃப்ட் முனை ஜாயிண்டின் நடுவே உள்ள சிலுவை வடிவப் பாகமான கிராஸ் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டி, கிராஸை மாற்றி, அதே சத்தம் திரும்ப வந்ததும் முழு ஷாஃப்டையும் மாற்றி, அதன் பிறகும் சத்தம் போகாமல் சோர்ந்துபோனவர்கள் பலர். பாகங்களுக்குச் செலவிடும் முன் இந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால் அந்தச் செலவில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

ஷாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள யுனிவர்சல் ஜாயிண்டுக்குப் பிறவியிலேயே ஒரு குணம் உண்டு. யோக் எனப்படும் இரண்டு கவைகளும் நடுவில் ஒரு கிராஸும் கொண்ட இந்த அமைப்பு, நேராக நிற்கும்போது உள்ளே வரும் வேகத்தை அப்படியே வெளியே தருகிறது. வளைந்து நிற்கும்போது அப்படித் தருவதில்லை. உள்ளே வரும் அச்சு ஒரே சீராகச் சுழன்றாலும், வெளியேறும் அச்சு ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து இரண்டு முறை தளர்கிறது. ராபர்ட் ஹூக் 17ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்து சொன்ன செய்தி இது. அதனால்தான் இதற்கு ஹூக் ஜாயிண்ட் என்ற பெயரும் வழங்குகிறது. எவ்வளவு ஏறி இறங்கும் என்பது கோணத்தைப் பொறுத்தது. 5 பாகை வளைவில் உச்ச வேகத்துக்கும் தாழ்ந்த வேகத்துக்கும் இடையிலான வேறுபாடு சராசரியில் 1 சதவீதத்துக்கும் குறைவு. 10 பாகையில் ஏறத்தாழ 3 சதவீதம். 20 பாகையில் 12 சதவீதத்தைத் தாண்டுகிறது. 30 பாகையில் கிட்டத்தட்ட 29 சதவீதம். கோணம் இரு மடங்கானால் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது என்பதைக் கவனியுங்கள். தூக்கத் தொடங்கும்போது ஒன்றும் கேட்காமல், கடைசிச் சில அங்குலங்களில் மட்டும் சத்தம் திடீரென்று பெருகுவதற்குக் காரணம் இதுதான்.

சுற்றுக்கு இரண்டு முறை என்பதால் சத்தத்தின் தன்மையையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும் ஷாஃப்டில் நொடிக்கு 18 துடிப்புகள் வரும். அதைக் காதால் கேட்பதை விட இருக்கையிலும் ஸ்டியரிங்கிலும் நடுக்கமாக உணர்வோம். நிமிடத்துக்கு 2000 சுற்று சுழலும் ஷாஃப்டில் அது நொடிக்கு 66ஐத் தாண்டி, தாழ்ந்த உறுமலாகக் கேட்கும். உங்கள் வண்டியின் சத்தம் எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது கூடவே உயர்ந்து, புளோவரைச் சற்று இறக்கியதும் அடங்கினால், பெரும்பாலும் கோணத்தின் சத்தம்தான் அது.

ஒரு ஜாயிண்ட் கெடுப்பதை இன்னொரு ஜாயிண்ட் சரிசெய்யும் என்ற நம்பிக்கையில்தான் ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஜாயிண்ட் வைக்கிறார்கள். இது நிறைவேற மூன்று நிபந்தனைகள் உள்ளன. நடுத்தண்டின் இரு முனைகளிலும் உள்ள யோக்குகள் ஒரே தளத்தில் நிற்க வேண்டும். இரு ஜாயிண்டுகளின் கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். மூன்று அச்சுகளும் ஒரே தளத்தில் அமைந்திருக்க வேண்டும். இவை மூன்றும் பொருந்தினால், நடுத்தண்டு மட்டும் ஏறி இறங்கிச் சுழன்றாலும் புளோவருக்குள் செல்லும் சுழற்சி சீராகவே இருக்கும்.

நான் குறை சொல்வது இந்த இடத்தில்தான். இந்த வகைப் புளோவர்களில் பலவற்றைத் தூக்கும் கைகள் வண்டியின் அடியில் ஒரே அச்சில் கீல் பூட்டப்பட்டவை. கை மேலே எழும்போது புளோவர் பெட்டியும் அதே கீலைச் சுற்றித் திரும்புவதால், அது செங்குத்தாக உயராமல் மூக்கை மேலே தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்கிறது. ஷாஃப்ட் முன்னோக்கி 18 பாகை மேலே ஏறியிருக்க, பெட்டியும் 15 பாகை சாய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டிப் பக்க ஜாயிண்டில் 18 பாகை வளைவு. புளோவர் பக்க ஜாயிண்டில் 3 பாகை மட்டுமே. முதல் ஜாயிண்ட் உண்டாக்கும் 10 சதவீத ஏற்ற இறக்கத்தை ஈடுகட்ட இரண்டாவது ஜாயிண்டுக்கு வலு இல்லை. அந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ முழுவதுமாகக் கியர் பாக்ஸுக்குள் போகிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் புளோவர் பக்க ஜாயிண்ட் ஏறக்குறைய நேராக இருப்பதால் அமைப்பு நன்றாக இருப்பது போலவே தோன்றும். உண்மையில் இரு பக்கமும் ஒரே அளவு வளைந்திருந்தால்தான் நல்லது.

மேல் கை, கீழ் கை என இரண்டு கைகளை இணையாக வைத்து, புளோவர் சாயாமல் அப்படியே உயரும்படி செய்யும் அமைப்பும் சந்தையில் உண்டு. அதில் இரு கோணங்களும் எந்த உயரத்திலும் சமமாகவே இருக்கும். எஃகும் கீல்களும் கூடுதலாக வேண்டும் என்பதால் விலையும் எடையும் ஏறும். ஆனால் அந்தக் கூடுதல் விலைக்கு முழுத் தகுதி இருக்கிறது என்பது என் கருத்து. அகலத்தை நாலு அங்குலம் கூட்டி விளம்பரம் செய்வதை விட, தயாரிப்பாளர்கள் அந்தச் செலவை இந்த இரண்டாவது கைக்குச் செலவிட்டிருந்தால் வாங்குபவர்களுக்கு எவ்வளவோ நன்மையாக இருந்திருக்கும்.

ஷாஃப்டின் நீளமும் இதே அளவுக்கு முக்கியம். யூ.டி.வி.யின் முன்பகுதியில் இடம் குறைவு. ரேடியேட்டர், முன் அச்சு, சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் நெருங்கி நிற்கின்றன. அதனால் பி.டி.ஓ. முனைக்கும் புளோவருக்கும் இடையே குட்டையான ஷாஃப்ட்தான் பொருந்துகிறது. கிடைமட்டத்தில் 600 மில்லிமீட்டர் தொலைவு இருக்கும்போது புளோவரை 250 மில்லிமீட்டர் உயர்த்தினால் ஷாஃப்ட் ஏறத்தாழ 23 பாகை சாய்கிறது. அந்தத் தொலைவு 400 மில்லிமீட்டராகக் குறைந்தால் அதே உயரத்துக்கு 32 பாகை. முன்னதில் ஒரு ஜாயிண்டின் வேக வேறுபாடு 16 சதவீதம். பின்னதில் 33 சதவீதம். ஒரே புளோவரை இரண்டு வேறு வண்டிகளில் பூட்டியவர்கள், ஒன்றில் அமைதி, மற்றொன்றில் பெருஞ்சத்தம் என்று மாறுபட்ட அனுபவத்தைச் சொல்வதில் வியப்பில்லை. இருவரும் சொல்வது உண்மையே.

தூக்கும்போது மட்டும் ஏன் இவ்வளவு சத்தம் என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. இதைப் பலர் கவனிப்பதில்லை. தரையில் பனியை அள்ளும்போது திருகுக்கும் விசிறிக்கும் எதிர்ப்பு இருக்கிறது. அந்தச் சுமை கியர்ப் பற்களை ஒரே பக்கமாக அழுத்திப் பிடித்து வைக்கிறது; ஷாஃப்டின் வேகம் சற்று ஏறி இறங்கினாலும் பற்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதில்லை. தூக்கிய மறுகணம் பனி இல்லை, சுமையும் இல்லை. ஆனால் கனத்த விசிறி தன் வேகத்திலேயே சுழன்றுகொண்டிருக்கிறது. அதற்கு வேகத்தை மாற்றிக்கொள்ள விருப்பமில்லை. ஷாஃப்ட் தளரும்போது விசிறி அதை முந்துகிறது; ஷாஃப்ட் விரையும்போது அது விசிறியைத் தள்ளுகிறது. கியர்ப் பற்கள், ஸ்பிளைன் (அச்சின் மேல் வெட்டிய பல்வரிசை), யோக் துளைகள் எங்கெல்லாம் சிறு இடைவெளி இருக்கிறதோ அங்கெல்லாம் உலோகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறி மோதுகிறது. அந்தக் கடகட ஓசை அதுதான். கோணம் பெருகுவதும் சுமை மறைவதும் ஒரே நேரத்தில் நிகழ்வதால்தான், வேலை செய்யும்போது சாதுவாக இருக்கும் ஷாஃப்ட், வேலையே இல்லாத நேரத்தில் இரைகிறது.

இது வெறும் சத்தம்தானே, பொறுத்துக்கொள்ளலாமே என்று கேட்டால், சில நொடிகளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதே நேர்மையான பதில். புளோவரைத் தூக்கியபடியே சுழலவிட்டுக்கொண்டு வண்டியைத் திருப்புவது, பாதையின் மறுமுனை வரை ஓட்டிச் செல்வது ஆகியவற்றைப் பழக்கமாக்கிக்கொண்டால் நிலைமை வேறு. கிராஸின் கைகளில் ஊசி பேரிங் பதிந்த வரிகள் விழும்; யோக்கின் துளை விரியும்; பி.டி.ஓ. அச்சின் சீல் கசியத் தொடங்கும். தொடர்ந்து ஓடுவதற்குச் சாதாரண ஜாயிண்டுகளுக்கு ஏறத்தாழ 25 பாகையைத்தான் எல்லையாகக் கொள்கிறார்கள். அதற்கு மேல் நொடிக்கணக்கில்தான் போக வேண்டும், அதுவும் சுமை இல்லாமல்.

இதுவரை சொன்னது கோணத்தின் சத்தம். தூக்கும்போது கேட்கும் எல்லாச் சத்தமும் இதுவே என்று எண்ணி அமர்ந்துவிடவும் கூடாது. ஷாஃப்டின் நடுப்பகுதி ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்களால் ஆனது. புளோவர் உயரும்போது இரு முனைகளுக்கும் இடையிலான தொலைவு மாறுவதால் இந்தக் குழாய்கள் நீளவோ சுருங்கவோ வேண்டும். பனிக்காலத்தில் இதற்கு ஒரு தனித்தொல்லை உண்டு. வேலை செய்யும்போது தெறிக்கும் பனி, குழாய்களின் இடைவெளியில் உருகிப் புகுந்து, வண்டி நின்ற இரவில் உறைந்துவிடுகிறது. மறுநாள் காலையில் குழாய்கள் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு நகர மறுக்கின்றன. அந்த நிலையில் தூக்கினால் ஹைட்ராலிக் சிலிண்டரின் முழு வலுவும் ஷாஃப்டின் நீளவாக்கில் பாய்ந்து, ஒரு பக்கம் பி.டி.ஓ. பேரிங்கையும் மறுபக்கம் கியர் பாக்ஸின் பேரிங்கையும் அழுத்துகிறது. பிறகு பனிக்கட்டி உடைந்து டமார் என்ற ஒற்றை ஓசையுடன் குழாய் நகர்கிறது. சுழற்சி இல்லாதபோதும், தூக்கும் அந்த ஒரு கணத்தில் மட்டும், ஒரே ஒரு முறை கேட்கும் ஓசை இது. அதைக் கோணச் சத்தத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது கேட்டால் உடனே கவனிக்க வேண்டும்.

ஷாஃப்ட் அளவுக்கு மீறி நீளமாக வெட்டப்பட்டிருந்தாலும் இதே விளைவுதான். ஷாஃப்ட் எந்த உயரத்தில் மிகவும் சுருங்குகிறதோ அந்த இடத்தில் உட்குழாய் இடிபடாமல் ஓர் அங்குல இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். எந்த உயரத்தில் மிகவும் நீள்கிறதோ அங்கே குழாய்கள் தம் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்திருக்க வேண்டும். மிகச் சுருங்கும் உயரம் உச்சியில்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பல வண்டிகளில், ஷாஃப்ட் கிடைமட்டமாக நிற்கும் இடைப்பட்ட உயரத்திலேயே அது மிகக் குறுகியிருக்கும். எனவே கீழிருந்து மேல் வரை மெதுவாகத் தூக்கி ஒவ்வொரு நிலையிலும் பார்ப்பதே சரி.

அடுத்தது யோக்குகளின் ஒழுங்கு. கிரீஸ் வைப்பதற்காக இரண்டு குழாய்களையும் பிரித்து மீண்டும் சேர்க்கும்போது, சில வடிவங்களில் தவறான நிலையிலும் சேர்க்க முடியும். எலுமிச்சை வடிவக் குழாயில் அந்த ஆபத்து இல்லை. திருப்பிச் சேர்ப்பதானால் அரைச் சுற்று திருப்பினால் மட்டுமே பொருந்தும், அந்த நிலையிலும் யோக்குகள் ஒரே தளத்தில்தான் இருக்கும். சதுரத் தண்டில் கால் சுற்றுத் திருப்பியும் நுழைத்துவிடலாம். அப்படி நேர்ந்தால் இரண்டாவது ஜாயிண்ட் முதலாவதன் பிழையைப் போக்குவதற்குப் பதிலாக அதன் மேல் தன் பங்கையும் சேர்த்துவிடுகிறது: இரு பக்கமும் 20 பாகை வளைவு இருந்தால் வேக வேறுபாடு 25 சதவீதமாகிறது. சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கிய பிறகு சத்தம் திடீரென்று கூடியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். குழாயில் ஒரு கோடு கீறி வைத்துவிட்டுப் பிரிப்பது மிகச் சிறிய வேலை. அதைச் செய்யுமாறு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

கிறீச்சென்ற சத்தமாக இருந்தால் ஷாஃப்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையின் வளையங்கள் காய்ந்திருக்கும். எரிச்சலூட்டும் என்பதற்காக அந்த உறையைக் கழற்றி எறிந்துவிடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு உள்ளபடியே அச்சமாக இருக்கிறது. கழுத்துத் துணியோ கோட்டின் நுனியோ சுழலும் ஷாஃப்டில் சிக்கினால் மனிதர் விலகிக்கொள்ள நேரமே கிடைக்காது. உறை இருக்க வேண்டும், அது சுழலாமல் சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும், வளையங்களுக்குக் கிரீஸ் வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை.

பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டுப் புளோவரைத் தூக்கியபடி வண்டியை ஓட்டும்போதும் டக் டக் என்று கேட்டால், அது இந்த ஷாஃப்டே அல்ல. தரையில் இருக்கும்போது புளோவரின் எடையைச் சறுக்குக் கால்கள் தாங்குகின்றன. தூக்கியதும் அந்த எடை முழுவதும் வண்டியின் மூக்கில் தொங்குவதால் முன் ஸ்பிரிங்குகள் அமுங்கி, முன் சக்கரங்களுக்குச் செல்லும் அச்சுகளின் கோணம் மாறுகிறது. அந்த அச்சுகளில் உள்ள சி.வி. ஜாயிண்ட் (வளைந்தாலும் சீரான வேகம் தரும் ஜாயிண்ட்) தேய்ந்திருந்தால் அப்போதுதான் தன்னைக் காட்டிக்கொள்ளும், அதிலும் திருப்பத்தில் நன்றாகக் கேட்கும். வண்டி நின்றிருக்கும்போது வரும் சத்தம் பி.டி.ஓ. ஷாஃப்டுடையது, சக்கரத்தின் வேகத்தோடு மாறும் சத்தம் அச்சினுடையது. இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

சோதிக்க விரும்புபவர்கள் எஞ்சினை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, எல்லாம் நின்றதை உறுதி செய்த பின்பே அருகில் போக வேண்டும். தூக்கிய புளோவரை ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி விட்டுவிடாமல் அடியில் கனத்த கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். பிறகு அலைபேசியில் உள்ள சாய்வளவுச் செயலியைப் பி.டி.ஓ. அச்சின் மீதும், ஷாஃப்ட் குழாயின் மீதும், புளோவரின் உள்வரும் அச்சின் மீதும் வரிசையாக வைத்து மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த அளவுகளுக்கு இடையிலான வேறுபாடுகளே இரண்டு ஜாயிண்டுகளின் கோணங்கள். இரண்டும் ஏறத்தாழ சமமாகவும் 20 பாகைக்கு உட்பட்டும் இருந்தால் ஷாஃப்டைக் குறை சொல்ல வேண்டாம். ஷாஃப்டைக் கையால் மெல்லத் திருப்பிப் பார்க்கும்போது ஏதாவது ஓரிடத்தில் இறுக்கமாகப் பிடித்தாலோ, யோக்கைப் பிடித்து அசைத்தால் கிராஸில் ஆட்டம் தெரிந்தாலோ, பேரிங் மூடியைச் சுற்றித் துருப்பொடி படிந்திருந்தாலோ, அந்த ஜாயிண்ட் உண்மையாகவே போய்விட்டது. முழு உயரத்தில் யோக்கின் காதுகள் ஒன்றையொன்று தொட்ட பளபளப்பான தழும்பு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். தழும்பு இருந்தால் அந்த உயரத்தில் ஒருபோதும் சுழற்சி கொடுக்கக் கூடாது.

தீர்வுகளில் மிக எளியதும் மிகப் பயனுள்ளதும் தூக்கும் உயரத்துக்கு ஓர் எல்லை வைப்பதுதான். வேலையின் நடுவே ஒரு வரிசையை முடித்துத் திரும்புவதற்குப் புளோவர் தரையை விட்டு ஒரு கையகலம் எழும்பினால் போதும். முழு உயரம் வேண்டியது இடம்விட்டு இடம் போகும்போது மட்டுமே. சிலிண்டர் தண்டில் பூட்டும் பிளவு வளையமோ, தூக்கும் கைக்குச் சரியான நீளத்தில் ஒரு சங்கிலியோ இதைச் செய்துவிடும். சிலிண்டர் தண்டு சுருங்கும்போது புளோவர் உயரும் அமைப்பா, நீளும்போது உயரும் அமைப்பா என்பதைப் பார்த்து இவற்றில் எது பொருந்தும் என்று முடிவு செய்ய வேண்டும். எல்லை வைத்த பிறகு என் வண்டியில் வேலை நேரச் சத்தம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. முழு உயரத்துக்குத் தூக்க வேண்டிய நேரத்தில் முதலில் பி.டி.ஓ.வை நிறுத்தி, குழாயில் மிச்சமுள்ள பனி வெளியேறி விசிறி ஓய்ந்தபின் தூக்குவதே சரியான வரிசை.

ஷாஃப்டையே மாற்ற வேண்டிய நிலை வந்தால், அகலக் கோண சி.வி. ஜாயிண்ட் கொண்ட ஷாஃப்ட் கிடைக்கிறது. நடுவே ஒரு மையப்படுத்தும் பகுதியோடு இரண்டு கிராஸ்களை அடுத்தடுத்து வைத்த அமைப்பு அது. வளைவைத் தானே இரண்டாகப் பகிர்ந்துகொண்டு சீரான வேகத்தைத் தருகிறது. பின்பக்கம் சாயும் தூக்கும் கைகளுக்கு, வளைவு அதிகமுள்ள வண்டிப் பக்கத்தில் இதை வைத்தால் நல்ல பலன் தெரியும். ஆனால் இது தடிமனானது, நீளமானது, விலை அதிகம். மையப் பகுதிக்குக் கிரீஸ் தவறினால் சாதாரண ஜாயிண்டை விட விரைவில் கெடும். குறுகிய இடத்தில் இது உண்மையிலேயே நுழையுமா என்று அளந்து பார்க்காமல் வாங்கக் கூடாது.

கிரீஸ் பற்றியும் ஒரு சொல். குளிரில் கெட்டியாகும் சாதாரண கிரீஸை விட, குறைந்த வெப்பநிலைக்கென்று குறிப்பிடப்பட்ட கிரீஸ் நன்கு பரவுகிறது. 8 மணி நேர வேலைக்கு ஒருமுறை கிராஸ்களுக்குக் கிரீஸ் கொடுக்கச் சொல்லும் ஷாஃப்டுகளும் உண்டு, அதைவிட நீண்ட இடைவெளி சொல்பவையும் உண்டு. கையேட்டில் உள்ளபடி செய்யலாம். குழாய்களுக்கு இடையே கிரீஸ் போடுவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். உறையைச் சற்று நகர்த்தினால்தான் அந்த நிப்பிள் கண்ணில் படும். நீர் புகுந்து உறைவதைத் தடுப்பதும் அந்தக் கிரீஸ்தான்.

மாற்று வகைகளோடு ஒப்பிட்டால், ஹைட்ராலிக் மோட்டாரால் சுழலும் புளோவரில் ஷாஃப்டே இல்லை என்பதால் எந்த உயரத்திலும் இந்தச் சத்தம் கிடையாது. அதற்கு அதிக எண்ணெய் ஓட்டம் தரும் பம்பு வேண்டும். குளிர்ந்த எண்ணெய் சூடேறும் வரை காத்திருக்க வேண்டும். எஞ்சினின் வலுவில் ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. தனி எஞ்சினோடு வரும் புளோவரில் வண்டியின் பி.டி.ஓ. தேவையே இல்லை. ஆனால் முன்னால் தொங்கும் எடை கூடுகிறது. பராமரிக்க வேண்டிய எஞ்சின் இன்னொன்று சேர்கிறது. பனி மிகுந்த இடத்தில் நீண்ட நேரம் வேலை செய்பவர்களுக்கு, வலுவை வீணாக்காத ஷாஃப்ட் வகையே ஏற்றது என்று இன்றும் சொல்வேன். வீட்டுப் பாதையை மட்டும் துப்புரவு செய்பவர்கள், தூக்கி இறக்கும் வேலை அடிக்கடி நேரும் குறுகிய இடங்களில் ஓட்டுபவர்கள், மற்ற இரண்டையும் பார்க்கலாம்.

இந்த வகைக் கருவிகளோடு வரும் கையேடுகள் மேல் எனக்கு இருக்கும் மனக்குறை பெரியது. சுழற்சியை நிறுத்திவிட்டுத் தூக்கவும் என்ற ஒற்றை வரியோடு விட்டுவிடுகிறார்கள். எந்த உயரம் வரை சுழலவிடலாம், அப்போது கோணம் என்ன, முழு உயரத்தில் எந்தச் சத்தம் இயல்பு, எந்தச் சத்தம் பழுது என்று எழுதினால் ஒரு பக்கத்துக்கு மேல் ஆகாது. தூக்கும் கையில் பாதுகாப்பான உயரத்தைக் காட்டும் ஒரு கோடாவது இடலாம். உத்தரவாதக் காலத்தில் ஒருவர் சத்தம் என்று முறையிட்டால் ஷாஃப்டை மாற்றிக் கொடுத்து அனுப்புவதும், அது தீராதபோது இது இயல்பு என்று சொல்வதும் இருவருடைய நேரத்தையும் வீணடிக்கின்றன.

வாங்கப் போகிறவர்கள் கடையில் அந்தக் குறிப்பிட்ட வண்டியிலேயே பூட்டி, முழு உயரத்துக்குத் தூக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். எஞ்சின் நின்ற நிலையில் பக்கவாட்டில் நின்று இரு ஜாயிண்டுகளையும் பாருங்கள். சாய்வளவுச் செயலியால் அளந்து பாருங்கள். குழாய்களில் மிஞ்சும் இடைவெளியை விற்பவரே கையால் காட்டட்டும். உயர எல்லைக்கான வளையம் அல்லது சங்கிலி சேர்த்துத் தருவார்களா என்று கேளுங்கள். ஒரு ஜாயிண்ட் 30 பாகையைத் தாண்டி வளைந்திருக்க, மற்றது நேராக நின்றால், அந்த வண்டிக்கு அந்தப் புளோவர் வேண்டாம். அதே புளோவரை இன்னும் நீளமான ஷாஃப்ட் பொருந்தும் பூட்டுச் சட்டத்தோடு கேட்டு வாங்குங்கள்.